அதே கம்பி, அதே கை: ஒருவர் நடக்கிறார், இன்னொருவர் ஏன் நடக்கவில்லை?

இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மகன் எழுதிக் கேட்டிருப்பதன் சாரம் இது. எழுபத்தொரு வயதான அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளூரில் ஒருவர் எண்ணெய் ஊற்றிக் கட்டுப் போட்டார். வலி அடங்காததால் நான்காம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் அறுவை சிகிச்சை நடந்து கம்பி வைக்கப்பட்டது. இப்போது பதினொரு வாரம் ஆகிறது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் கம்பி நகரவில்லை, எலும்பு சேர்ந்துவருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ஆள் தாங்கிப் பிடிக்காமல் அவரால் எழ முடியவில்லை. தையல் போட்ட இடத்தில் மூன்று வாரம் நீர் கசிந்து பிறகு நின்றது. அதே தெருவில், ஏறத்தாழ அதே வயதுள்ள இன்னோர் அம்மாவுக்கு அதே மருத்துவர் அதே கம்பியைத்தான் வைத்தார். அவர் ஆறாவது வாரமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்வந்துவிட்டார். "எங்கள் அம்மாவுக்கு மட்டும் டாக்டர் சரியாகச் செய்யவில்லையா? நாங்கள் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் கண்ணும் கருத்துமாகத்தானே பார்த்துக்கொண்டோம்?" என்பது அவருடைய கேள்வி. தாயாருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு, இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வெற்றிலையோடு புகையிலை போடுவார், அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 8.6 இருந்தது என்பவற்றையெல்லாம் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

நான் இந்தக் கரையில் எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு மருத்துவரை இன்னொரு மருத்துவர் காப்பாற்றப் பார்க்கிறார் என்று தோன்றிவிடக் கூடாது என்பதால், மருத்துவரின் பங்கை முதலில் பார்த்துவிடலாம். இந்த வகை முறிவில் அதில் ஒரு பகுதியை உண்மையிலேயே ஸ்கேல் வைத்து அளக்க முடியும். தொடை எலும்பின் மேல்முனை ஓர் உருண்டையாக இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. உருண்டைக்குக் கீழே கழுத்து, கழுத்துக்குக் கீழே புடைப்பு. புடைப்பை ஒட்டி முறிந்தால், தொடை எலும்பின் உட்குழலில் ஓர் ஆணியை இறக்கி, அதன் துளை வழியாகத் தடித்த திருகாணி ஒன்றை உருண்டைக்குள் செலுத்துவது வழக்கம். ஊரில் நாம் கம்பி என்பது இதைத்தான். 1939-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் கையாளத் தொடங்கிய உட்குழல் ஆணியின் வழிவந்தது. திருகாணியின் முனை உருண்டையின் உச்சிக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதுதான் அளவு. முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அந்தத் தூரத்தை அளந்து, படத்தின் உருப்பெருக்கத்தைச் சரிசெய்து இரண்டையும் கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் பவும்கார்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995-இல் எழுதினார்கள். அந்தத் தொகை கூடக்கூட, திருகாணி உருண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்தும் கூடுகிறது.

உங்கள் தாயாருக்கு அறுவை முடிந்த மறுநாள் எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் சேர்த்து எந்த எலும்பு மருத்துவரிடமும் காட்டி இந்தக் கணக்கைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. பதினொரு வாரத்தில் கம்பி அசையாமல் எலும்பும் சேர்ந்துவருகிறது என்றால், அறுவை அரங்கில் நடக்க வேண்டியது பெரும்பாலும் நடந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தக் கரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட இன்னொரு கேள்வியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். உப்புக்காற்றில் வீட்டுச் சன்னல் கம்பியெல்லாம் ஐந்தாறு வருடத்தில் பொரிந்துபோகிறதே, உடம்புக்குள் வைத்த கம்பி துருப்பிடிக்காதா என்பார்கள். உடம்பே ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டிதான். அதற்குள் கிடப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த துருவேறா எஃகிலோ டைட்டானியத்திலோ அந்தக் கம்பியைச் செய்கிறார்கள். வெளியே அடிக்கும் கடற்காற்றுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

இனி, இழந்த நாட்கள். இடுப்பு எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட முதியவருக்கு அன்றோ மறுநாளோ அறுவை செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்துள்ள நெறிமுறை. மணிக்கணக்கு பார்த்து ஓட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 6 மணி நேரத்தில் அறுவை செய்யப்பட்டவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்யப்பட்டவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் விரைவாகச் செய்யப்பட்டவர்களிடம் அறுவைக்குப் பிந்திய மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவாக இருந்தன. அவர்கள் முன்னதாகவே எழுந்தும் நடந்தார்கள். 6 மணிக்கும் 24 மணிக்குமே இந்த வேறுபாடு தெரிகிறது. உங்கள் தாயார் இருந்ததோ ஆறு நாள். முறிந்த காலை அசைக்க முடியாமல், வலியில் சரியாகச் சாப்பிடாமல், சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டு கிடக்கும் ஆறு நாளில் சளி கட்டுகிறது, முதுகடியில் புண் வைக்கிறது, கால் நரம்பில் இரத்தம் உறைகிறது. அறுவை மேசையில் ஏறும்போது அவர் விழுந்த அன்று இருந்த மனுஷி அல்ல.

நாட்டு வைத்தியரைக் குறைசொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. குழந்தையின் காறையெலும்பு முறிவு அவர் கட்டினாலும் சேரும், நான் கட்டினாலும் சேரும். இடுப்பு முறிவு எந்தக் கட்டுக்குள்ளும் அடங்காது என்பது ஒன்று. கை கால் முறிவில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியபின் விரல்கள் வீங்கி, விரலை மெல்ல நீட்டினாலே உயிர்போகும் வலி வந்தால், கட்டை அந்த நொடியே அவிழ்க்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆறு மணி நேரத்துக்கு மேல் தசைக்கு இரத்தம் போகாவிட்டால் அந்தக் கை கொக்கிபோல் மடங்கி அப்படியே நின்றுவிடும். ஜெர்மனியின் ஃபோல்க்மன் 1881-இலேயே இதை எழுதிவைத்தார்.

மதுரையில் கழிந்த இரண்டு நாளுக்குக் காரணம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. "பிட்னஸ் கிடைக்கவில்லை", அதாவது மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை என்று சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். இருதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் கிளோபிடோக்ரெல் இருந்தால், அதை நிறுத்தி ஐந்து நாள் காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இடுப்பு முறிவில் அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். 2022-இலிருந்து இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கிணற்றடியில் விழுந்த அன்றே 108-ஐ அழைத்திருந்தால் பாதித் தூரம்கூடப் போக வேண்டியிருந்திருக்காது.

அடுத்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சங்கதிகள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறுவது தாமதமாகிறது, கிருமி தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. திட்டமிட்டுச் செய்யும் மூட்டு மாற்று என்றால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c பரிசோதனையில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருப்பவரை நாங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பி, குறைத்துக்கொண்டு வரச் சொல்வோம். முறிவில் அந்த அவகாசம் இல்லை. இன்சுலின் போட்டு அன்றாடச் சர்க்கரையை 180-க்குள் வைத்துக்கொண்டு அறுவை செய்ய வேண்டியதுதான். வீடு திரும்பியபின் அந்த இன்சுலினை யார் போட்டார்கள், யார் பரிசோதித்தார்கள் என்பதுதான் கேள்வி. தையல் பிரிக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பின் ஊசிக்குப் பயந்து பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள். நீர்க்கசிவு மூன்று வாரம் நீடித்தது எனக்குக் கவலை தருகிறது. நின்றுவிட்டது என்பதால் மறந்துவிடாதீர்கள். இரவில் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இடுப்பில் வலி இருந்தாலோ, தழும்பைச் சுற்றிச் சூடு தெரிந்தாலோ, உள்ளே தொற்று இருக்கிறதா என்று அறிய உதவும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்னும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் உடனே எடுத்துப் பாருங்கள்.

புகையிலையைப் பற்றி ஓர் ஆய்வு போதும். 2002-இல் லான்செட் இதழில் வெளியான டென்மார்க் ஆய்வில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த புகைபிடிப்பவர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அறுவைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே புகையை விடவோ குறைக்கவோ உதவினார்கள். அந்தப் பகுதியில் சிக்கல் வந்தவர்கள் 18 விழுக்காடு. மற்றப் பகுதியில் 52 விழுக்காடு. அறுவை செய்தவர்களின் கைத்திறனில் வேறுபாடு இல்லை. தாயார் புகைப்பதில்லையே என்பீர்கள். வாயில் அடக்கினாலும் நிகோட்டின் நிகோட்டின்தான். புண்ணுக்கும் எலும்புக்கும் இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களை அது சுருக்குகிறது. எலும்பு முழுதாகச் சேரும்வரையிலாவது வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை மட்டும் எடுத்து ஒளித்துவைக்கலாம். வெற்றிலையையும் பிடுங்கினால் வீட்டில் சண்டைதான் வரும்.

இங்கே சற்று விலகி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தாயாருக்குப் பொருந்தாது, ஆனால் இந்தக் கரையில் பலருக்குப் பொருந்தும். என் தொடக்க காலத்தில் விசைப்படகின் விஞ்சுக் கயிற்றில் கால் சிக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய ஒருவர் வந்தார். நடுக்கடலில் நடந்தது, கரைசேரவே ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கடல்நீரில் கழுவி, மேலே காப்பித்தூள் அப்பி, லுங்கியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். நான் சுத்தம் செய்தேன். சதை சிவப்பாக, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்ததால் அன்றே தோலை இழுத்துத் தைத்தும்விட்டேன். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது கால் கருநீலமாகி, தையலுக்கு இடையே நாற்றத்தோடு நீர் வடிந்தது. தவறு என்னுடையது. கால் பிழைத்தது, ஆனால் அவர் மறுபடியும் படகில் ஏறப் பதினான்கு மாதம் ஆயிற்று. கடல்நீரில் விப்ரியோ, ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் உண்டு; சாலை விபத்துக்கு வழக்கமாகப் போடும் ஆன்டிபயாட்டிக் மட்டும் அவற்றுக்குப் போதாமல் போகலாம். குடியால் ஈரல் கெட்டவருக்கு விப்ரியோ உயிரையே எடுக்கும். ஆகவே கடலில் பட்ட காயம் என்றால், மீன்முள் குத்தியதே ஆனாலும், "கடல்தண்ணி பட்டது" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் திறந்த முறிவுகளுக்காக உருவாக்கிய மதிப்பெண் முறையில் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தோடு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானதா, வயது 65-ஐத் தாண்டியதா, சர்க்கரை உண்டா என்பவற்றுக்கும் தனித்தனியே இரண்டிரண்டு புள்ளிகள் சேர்க்கிறார்கள். காலைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கும்போதே காலுக்குரிய ஆளையும் சேர்த்துப் பார்க்கிற அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தமானது.

இப்போது "கண்ணும் கருத்துமாக" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு மண்டலம் அசையாமல் படுத்திருந்தால்தான் எலும்பு சேரும் என்பது நம் ஊர்க் கணக்கு. கம்பி வராத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, வேறு வழியில்லை. எலும்பு சேரும்வரை எடையைக் கம்பி தாங்கிக்கொள்ள, நோயாளியை மறுநாளே எழுப்பி நிற்கவைப்பதற்காகத்தான் அதை வைக்கிறோம். உடம்பில் ஒரு நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நலமாக இருந்தவர்களுக்கே அப்படியென்றால், முறிவும் அறுவையும் சர்க்கரையும் இரத்தசோகையும் சேர்ந்த ஒருவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வாரக்கணக்கில் வைத்திருந்ததில் என்ன மிஞ்சியிருக்கும்? கம்பி நன்றாகவே இருக்கிறது. அதைத் தூக்கி நிறுத்தத் தொடையில் சதை இல்லை. ஹீமோகுளோபின் எட்டில் நின்றால் எழுந்தவுடன் தலை சுற்றும், தலை சுற்றினால் பயம் வரும், பயந்தவர் மறுபடி எழமாட்டார். உங்கள் தெருவிலுள்ள அந்த அம்மாவை மறுநாளே யாராவது எழுப்பி நிறுத்தியிருப்பார்கள். பூசைக்குப் போயாக வேண்டும் என்ற பிடிவாதமும் அவருக்கு இருந்திருக்கும்.

சாப்பாட்டில் நடந்ததையும் என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் வீட்டுக்கு வீடு அதையே பார்த்திருக்கிறேன். வாசலில் கூடை இறங்குகிறது, சூடையும் காரலும் நெத்திலியும் துள்ளத் துள்ள வருகின்றன. புண் சீழ் பிடித்துவிடும் என்று நோயாளியின் தட்டில் மட்டும் ரசச் சோறு, இரண்டு வேளை கஞ்சி. இதே வீட்டில் பிரசவித்த பெண்ணுக்கு மூன்றாம் நாளே பால்சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு அவித்துக் கொடுக்கிறார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த புண்ணுக்கு ஆகிற மீன், இடுப்புப் புண்ணுக்கு ஏன் ஆகாது? அறுவைக்குப் பின் உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரைக் கிராம்வரை நாளொன்றுக்குப் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள உங்கள் தாயார் போன்றவருக்கு அறுபது கிராமுக்கு மேல். ரசச் சோற்றில் ஒரு தட்டுக்கு ஐந்தாறு கிராம் வந்தால் பெரிது. நூறு கிராம் மீனில் இருபது கிராம், ஒரு முட்டையில் ஆறு கிராம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு கிரியேட்டினின் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, குழம்பில் போட்டுத் தாராளமாகக் கொடுங்கள்.

வீட்டையும் ஒருமுறை நோயாளியின் கண்ணால் பாருங்கள். வாக்கரின் நான்கு கால்களும் நம் ஊர் மணலில் ஒரு விரற்கடை புதையும். ஒரு கால் கூடுதலாகப் புதைந்தால் ஆள் சாய்ந்துவிடும். இதை மதுரையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் வழவழப்பான தரையில் நடக்கக் கற்றுக்கொடுக்கும்போது நினைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. உங்கள் தெருவிலுள்ள அந்த அம்மாவின் வாசலிலிருந்து தெருவரை சிமெண்டுத் தளம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்; இருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இல்லையென்றால் நான்கு சிமெண்டுப் பலகைகளை வரிசையாகப் போட்டால் போதும். தாயார் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் கோட்டுக்கு நேராக வாக்கரின் பிடி இருக்க வேண்டும். கழிப்பறைக்கு ஒரு கமோடு நாற்காலி வாங்குங்கள். கம்பிக்குப் பதிலாக இடுப்பு மூட்டில் பாதியைச் செயற்கையாக மாற்றியவர்களைத் தாழ்வாக உட்காரக் கூடாது, குந்தக் கூடாது என்று எச்சரிப்போம். கம்பி வைத்தவருக்கு எலும்பு முழுதாகச் சேர்ந்தபின் அந்தத் தடை கிடையாது. ஆகவே கோவிலில் முழந்தாளிட முடியாமலே போய்விடுமோ என்று அவர் வருந்த வேண்டாம்.

பதினொரு வாரம் என்பது காலம் கடந்த நிலை அல்ல. அறுவை செய்த மருத்துவரிடம் "முழு எடையையும் ஊன்றலாமா" என்று கேட்டு, அவர் சரி என்றால் நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். கையுள்ள உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை ஊன்றி எழுந்து நின்று மறுபடி உட்காருவதைப் பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்து நின்றபடி, அறுவை செய்த காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவதைப் பத்து முறை. காலை, மதியம், மாலை மூன்று வேளையும். முதல் வாரம் திட்டுவார்; விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டில் வந்து அளிக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இரத்தசோகைக்குக் காரணம் கண்டு மருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற ஒன்று, எலும்புத் தேய்வுக்கான மருந்து. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்றாலே எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருந்தது என்றுதான் பொருள். சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றலாம். இடுப்பு முறிவு அறுவை முடிந்து 90 நாட்களுக்குள் அதைத் தொடங்கியவர்களிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் கொடுக்க முடியாது. வைட்டமின் டி-யும் கால்சியமும் குறைவாக இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் தாயாருக்கு அந்த 90 நாள் முடிய இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இந்த வாரமே இரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதற்குள், அவர் விழுந்த கிணற்றடிக் கல்லில் இருக்கும் பாசியைச் சுண்ணாம்பும் துடைப்பமும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். நடக்கத் தொடங்கியதும் அவர் முதலில் போகப் போவது அங்கேதான்.